ஆமை புகுந்த ஆஸ்பத்திரி

என் சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் 'மருத்துவமனை விளையாட்டு வல்லுநர்' என்று போட்டிருக்கும். அதை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் குழந்தைகளுக்குப் பொறுமை போய்விடும் என்பதால், வார்டில் எல்லோருக்கும் நான் விளையாட்டு அக்கா. பெரியவர்கள்தான் அட்டையைப் படித்துவிட்டுச் சந்தேகம் கேட்பார்கள்.

கடுகின் அத்தை முதல் நாளே கேட்டுவிட்டார்.

"ஏன் டீச்சர், விளையாடறதுக்கு வல்லுநரா? இதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?"

"தர்றாங்க. நான் டீச்சர் இல்லீங்க."

"என் தம்பி முப்பத்தஞ்சு வருஷமா விளையாடிக்கிட்டுதான் இருக்கான். அவனுக்கு ஒருத்தரும் சல்லிக்காசு தரல" என்றார், கட்டிலுக்கு மறுபக்கம் நின்றிருந்த தம்பியைக் காட்டி. பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் அந்தத் தம்பி, அதாவது கடுகின் அப்பா, நகக்கண்ணில் ஏறிய கிரீஸை மறைக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தார்.

கடுகு என்பது நர்ஸுகள் வைத்த பெயர். ஆறு வயதுக்கு உருவம் ரொம்பவே சிறியது. ஆனால் ரத்தம் எடுக்க வந்தவரின் பேனாவைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்ட அன்றே காரம் எவ்வளவு என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஊஞ்சலிலிருந்து விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே சின்னக் காயம். காயம் ஆறிவிட்டது, காய்ச்சல் மட்டும் போகவில்லை. எலும்பில் கிருமி தொற்றியிருக்கிறது என்று சொல்லிச் சேர்த்துப் பத்து நாளாகியிருந்தது. வீட்டில் அம்மாவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து மூன்று வாரம்தான். வயிற்றுத் தையல் ஆறவில்லை, பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரவும் முடியாது. அதனால் பகலும் இரவும் அத்தைதான் துணை.

அத்தையோடு இன்னொரு துணையும் உண்டு. துணியால் தைத்த பச்சை ஆமை. அம்மாவின் பழைய பச்சைச் சட்டையை வெட்டி அம்மா தைத்தது, அப்பா பஞ்சு அடைத்தது. அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தவர் அத்தை.

"நடக்க மாட்டான், ஒரு வேலையும் செய்ய மாட்டான், ஆனா பக்கத்துல உக்காத்தி வெச்சு உபசாரம் மட்டும் பண்ணணும். மாப்பிள்ளை இல்லாம வேற யாரு? ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. இது ஆஸ்பத்திரிக்குள்ளேயே புகுந்திருக்கு. இனிமே டாக்டருங்க பாடு."

கடுகு மாப்பிள்ளையை முகவாய்க்கும் தோளுக்கும் நடுவே செருகிக்கொண்டுதான் தூங்குவாள். மூக்கு அதன் கழுத்தில் புதைந்திருக்கும்.

எங்கள் விளையாட்டறை வார்டின் நடைபாதை முடியும் இடத்தில் இருக்கிறது. சின்ன அறைதான். குழந்தைகள் கடித்துக் கடித்து ஓரம் மழுங்கிய குட்டி மேசை ஒன்று, வண்ணம் பீய்ச்சி விளையாட ஊசியில்லாத சிரிஞ்சுகள் ஒரு டப்பா நிறைய, அலமாரி முழுக்க வெள்ளைத் துணிப் பொம்மைகள். அந்தப் பொம்மைகளுக்கு முகம் கிடையாது. குழந்தையே கண், மூக்கு வரைந்து, பெயர் வைத்து, அதற்கு ஊசி போட்டு, கட்டுக்கட்டி, தனக்கு நடக்கப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும். வாசலில் தரையோடு ஒட்டிய மஞ்சள் பட்டை ஒன்று உண்டு. ஊசியோ தட்டோ மருந்தோ வைத்திருப்பவர்கள் அதைத் தாண்டக்கூடாது. தலைமை டாக்டரே ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வெளியே மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். ஆஸ்பத்திரி முழுக்க வலித்தாலும் இந்த ஓர் அறையில் வலிக்காது என்ற வாக்கை நாங்கள் காப்பாற்றியாக வேண்டும்.

இந்த விதியால் அதிகம் அடிபட்டவர் கொசு மாமா. பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்து ரத்தம் எடுப்பவர். ஆறடி உயரம், பூனை நடை, யாருக்கும் வலிக்காத கை. இருந்தும் அவரைக் கண்டாலே வார்டு போர்வைக்குள் போய்விடும். மதிய இடைவேளையில் ஒரு முக்காலியைப் போட்டு மஞ்சள் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்துகொள்வார். சாவி கொடுத்தால் ஓடாத கார், அழ மறந்த பொம்மை என்று எதையாவது நான் கோட்டுக்கு மேலாக நீட்டுவேன். சின்னத் திருப்புளியால் சரிசெய்து திருப்பி நீட்டுவார். ஆறு மாதமாக இப்படித்தான்.

"உள்ள வர ஆசையா இருக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கொசுவுக்கு வலைக்கு வெளியிலதானே இடம், வல்லுநரே" என்றார்.

திங்கட்கிழமை காலை எலும்பு டாக்டர் அத்தையையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டார்.

"சீழ் எலும்புக்குள்ள இறங்கியிருக்கான்னு தெரியணும். பெரிய ஸ்கேன் எடுத்தாதான் தெரியும். சின்னப் பிள்ளைங்களுக்கு மயக்கம் கொடுத்துத்தான் எடுப்போம். ஆனா இவளுக்கு நெஞ்சுச் சளி இருக்கு. மயக்க மருந்து டாக்டர் ரெண்டு வாரம் ஆகட்டும்னு சொல்லிட்டாரு."

"ரெண்டு வாரம்தானே, இருந்துட்டுப் போறோம்" என்றார் அத்தை.

"எலும்பு இருக்காதும்மா. வியாழக்கிழமை முழிச்சிருந்தே படுக்க வெச்சுப் பாப்போம். இருபத்தஞ்சு நிமிஷம். அசைஞ்சா படம் கலங்கிடும். படம் கிடைக்கலைன்னா வெள்ளிக்கிழமை அவ காலைக் கீறித் திறந்துதான் பாக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட மூணு நாள் இருக்கு."

இருபத்தைந்து நிமிடம். கடுகு இருபத்தைந்து நொடி சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

அன்று மதியமே அவள் கையில் புது டிரிப்ஸ் ஊசி குத்த வேண்டியிருந்தது. அதற்கு அவளைத் தயார்படுத்தும்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். வெள்ளைப் பொம்மைகள் எல்லாம் சலவைக்குப் போயிருந்தன. எனக்கோ ஸ்கேன் கவலை, அவசரம். கடுகு தானாகவே மாப்பிள்ளையை நீட்டினாள். "இவனுக்குப் போட்டுக் காட்டுங்க."

பிள்ளையின் சொந்தப் பொம்மைக்கு ஒருபோதும் வைத்தியம் பார்க்காதே என்பது எங்கள் வேலையில் முதல் நாள் பாடம். அது வீட்டிலிருந்து வந்தது, அதை வீடாகவே இருக்க விடு. எனக்குப் பாடம் சொன்னவர்கள் சொன்னதை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் வாங்கினேன். நிஜம் போலவே இருக்கட்டும் என்று ஸ்பிரிட் பஞ்சால் அதன் கழுத்தையும் கையையும் அழுத்தித் துடைத்தேன், ஊசியில்லாத குழாயை ஒட்டினேன், பேண்டேஜ் சுற்றினேன். பாதங்களைப் பிடித்தபோது உள்ளே ஏதோ கெட்டியாக உருண்டது. பொத்தானாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடுகு எல்லாவற்றையும் உன்னிப்பாகப் பார்த்தாள். தனக்குப் போட்டபோது கையை நீட்டினாள், அழவில்லை. நான் என் முதுகில் நானே தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் மாப்பிள்ளை கட்டிலுக்கு அடியில், அத்தையின் செருப்பின் மேல் கவிழ்ந்து கிடந்தான். கடுகு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"ராத்திரி பூரா தூங்கல" என்றார் அத்தை. கண்கள் சிவந்திருந்தன. "நாலு தரம் எடுத்துக் குடுத்தேன், நாலு தரமும் வீசிட்டா. மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் என்ன சண்டையோ. கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறா."

நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்கும் பதில் குழந்தைகளிடம் பெரும்பாலும் நமக்குப் பிடித்த பதிலாகத்தான் இருக்கும். சக்கர நாற்காலியில் விளையாட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய், சலவையிலிருந்து வந்த வெள்ளைப் பொம்மையை முன்னால் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். வெகு நேரம் கழித்து ஸ்பிரிட் பஞ்சைக் கேட்டாள். பொம்மையின் கழுத்தைத் துடைத்தாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடி துடைத்தாள், மறுபடி முகர்ந்தாள். பிறகு பொம்மையை மேசையில் போட்டாள்.

"இதுவும் நாறுது."

"வேற எது நாறுது?"

"அவன்தான். அவன் ஆஸ்பத்திரி ஆயிட்டான். அம்மா வாசனை போயிடுச்சு."

பத்து நாளாக அந்தக் கட்டிலில் அம்மா இருந்த ஒரே இடம் ஆமையின் கழுத்துதான். அதைத்தான் நான் ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருக்கிறேன்.

"தப்பு என்னோடதுடா" என்றேன். "அவனுக்கு நான் அதைப் போட்டிருக்கக் கூடாது. உன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன். அவன்கிட்டயும் கேக்கணும்."

"அவன் உங்ககூடப் பேச மாட்டான்" என்றாள் கடுகு. அதோடு தானும் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

மதியம் முக்காலியில் உட்கார்ந்திருந்த கொசு மாமாவிடம் சொன்னேன். அவர் திருப்புளியைச் சட்டைப்பையில் செருகிவிட்டு யோசித்தார்.

"வாசனை எங்க இருக்கோ அங்க அனுப்பி வையுங்க. ஒரு நாள் அம்மா பக்கத்துல கிடந்தா தன்னால வந்துடும்."

"வியாழக்கிழமைக்குள்ள வருமா?"

"அம்மா வாசனைங்க. சாயம் மாதிரி. ஒட்டிக்கும்."

மாலையில் மாப்பிள்ளையின் பேண்டேஜை அவிழ்த்து, கடுகே கையெழுத்து என்று ஒரு கோடு கிறுக்கிய சீட்டோடு, அப்பாவிடம் கொடுத்தோம். "ஆமை டிஸ்சார்ஜ் ஆகுது" என்று அத்தை வார்டு முழுக்க அறிவித்தார். "பொண்ணு இங்க, மாப்பிள்ளை அங்க. நல்ல குடும்பம்."

அப்பா என்னைத் தனியாகக் கேட்டார். "எதுக்கு டீச்சர் வீட்டுக்கு?"

நடந்ததை அப்படியே சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. "கொஞ்சம் அழுக்காயிடுச்சு. அம்மா பக்கத்துல கொஞ்சம் இருக்கட்டும். வியாழன் காலையில கொண்டு வந்துடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

புதன்கிழமை முழுக்கப் பயிற்சி. சாமான் அறையிலிருந்து குளிர்பதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கி, இரண்டு பக்கமும் திறந்து படுக்க வைத்தேன். இதுதான் மெஷின், நீ நடுவில் படுப்பாய், அது பயங்கரமாகச் சத்தம் போடும், ஆனால் உன்னைத் தொடாது என்று கடுகிடம் சொன்னேன்.

"என்ன சத்தம்?"

"கொஞ்சம் பொறு" என்று கோட்டுக்கு வெளியே பார்த்தேன்.

கொசு மாமா ஒரு ஸ்டீல் தட்டைக் கவிழ்த்து, கரண்டியால் தட்ட ஆரம்பித்தார். டக் டக் டக் டக். பிறகு தொண்டைக்குள்ளிருந்து நீளமாக ஓர் உறுமல். இவ்வளவு திறமையை அந்த மனிதர் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று தெரியவில்லை. பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இது மெஷின் இல்ல. கொசு கத்துது."

"பெரிய கொசும்மா. வயித்துல ரத்தம் இருக்கறப்ப இப்படித்தான் கத்தும்" என்றார் அவர்.

பெட்டி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. முதல் தடவை மூன்று நிமிடம்கூடத் தாண்டவில்லை.

சிரிப்பு தீர்ந்த பிறகு வேலையைத் தொடங்கினோம். எதெல்லாம் அசையலாம் என்று ஒரு கணக்குப் போட்டோம். கண் அசையலாம். மூடிய வாய்க்குள் நாக்கு அசையலாம். நினைப்பு எங்கே வேண்டுமானாலும் போகலாம். மூக்கு அரித்தால் பத்து வரை எண்ணினால் அதுவே சலித்துப் போய்விடும்.

"இருமல் வந்தா?"

கேள்வி சரியானது. சளி அவள் நெஞ்சில் கொரகொரவென்று காத்துக்கொண்டிருந்தது.

"மெஷின் நடுநடுவுல நிக்கும். நின்னதும் இருமிக்கலாம். சத்தம் கேக்கறப்ப இருமலை வாசல்லயே உக்காத்தி வெச்சிடு."

"கொசு மாமா மாதிரி."

"அவரை மாதிரியேதான்."

கோட்டுக்கு வெளியே கரண்டி ஒரு தாளம் தப்பியது.

நான்கு நிமிடம், ஒன்பது, பன்னிரண்டு. மாலை ஆறு மணிக்குப் பதினெட்டு நிமிடம். அதற்கு மேல் போகவில்லை. வியர்த்துப்போன முகத்தோடு வெளியே வந்தவள் என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு மாப்பிள்ளை வருவானா?"

"அப்பா கொண்டு வந்துடுவாரு."

"அவன் வந்தா அசைய மாட்டேன். வராட்டி எனக்குத் தெரியாது."

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஸ்கேன். ஒன்பது இருபதுக்கு அப்பா படியேறி ஓடிவந்தார், கையில் துண்டில் சுற்றிய பொட்டலத்தோடு. பிரித்தார். மாப்பிள்ளை பளபளவென்று புது இலை நிறத்தில் இருந்தான்.

"அழுக்காயிடுச்சுன்னு சொன்னீங்கல்ல டீச்சர்? அவ விடல. ஆஸ்பத்திரிக்குப் போறவனாச்சேன்னு நேத்தே சோப்புப் போட்டுக் கசக்கி, வெயில்ல காய வெச்சு…" அவர் குரலில் அத்தனை பெருமை.

ஸ்பிரிட்டை நான் போட்டேன், மிச்சம் மீதி இருந்ததையும் சோப்பு கொண்டுபோய்விட்டது. அன்றைக்கு வெட்கப்படாமல் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருந்தால் போதும்.

கடுகு ஆமையை வாங்கினாள். கழுத்தை முகர்ந்தாள். வயிற்றை முகர்ந்தாள். வாலை, ஓட்டை, ஒவ்வொரு காலாக.

"சோப்பு" என்றாள் கடைசியில். "எங்க சோப்பு. எனக்கும் அம்மா இதைத்தான் போடுவாங்க. கண்ணு எரியும்." மறுபடியும் வயிற்றில் மூக்கை வைத்தாள். "இங்க வேற வாசனை."

அப்பா தலையைச் சொறிந்தார். "ராத்திரி அம்மா பக்கத்துலதான் கிடந்தான். தம்பிப் பாப்பா பால் கக்கிட்டான் கொஞ்சம்."

"சீ" என்று முகத்தைச் சுளித்த கடுகு, அந்த இடத்தையே மூக்கில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையை முகவாய்க்குக் கீழே செருகினாள். நான் மூச்சு விட்டேன்.

ஸ்கேன் அறை கீழ்த்தளத்தில். கொசு மாமா தேநீர் இடைவேளையை எங்களுக்குக் கொடுத்துவிட்டுக் கூடவே வந்தார். படம் எடுக்கும் அம்மாள் ஒரே வாசகத்தை ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்பவர்.

"உள்ள இருக்கறது பெரிய காந்தம். தோடு, கடிகாரம், சாவி, கொண்டை ஊசி எல்லாம் வெளிய."

நான் எல்லாவற்றையும் கழற்றி அத்தையிடம் கொடுத்தேன். அந்த அம்மாள் கைக்கருவியால் என்னைத் தடவினார், கடுகைத் தடவினார், மாப்பிள்ளையைத் தடவினார். கருவி கத்தியது. காலருகே கொண்டுபோனால் இன்னும் பலமாகக் கத்தியது. நான்கு காலிலும்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம்.

"நட்டு" என்றார் அவர். "கால்ல வெச்சுத் தைக்கச் சொன்னேன். நிக்கணும்ல."

"பஸ்ஸுக்குப் போட வேண்டியதை ஆமைக்குப் போட்டிருக்கான்" என்றார் அத்தை. குரலில் வழக்கமான காரம் இல்லை. "அங்க எந்த பஸ்ஸு சக்கரம் இல்லாம நிக்குதோ."

உள்ளே கொண்டுபோக முடியாது. அடுத்த நோயாளி வெளியே காத்திருந்தார். படம் எடுக்கும் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அஞ்சு நிமிஷம் தர்றேன்" என்றார். அது அவரால் முடிந்த பெரிய தயவு.

அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார். "காலைக் கொஞ்சம் கீறி எடுத்துடறேன்மா. அப்புறம் தைச்சுக்கலாம்."

கடுகு ஆமையை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். "வேணாம். அவன் காலை அறுக்க வேணாம்."

அப்பாவின் கை அப்படியே நின்றது. நாளைக்கு எந்தக் காலைப் பற்றிய பேச்சு நடக்கும் என்பது அங்கிருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆயிரம் சமாதானம் என் நாக்கின் நுனிக்கு வந்தது. விழுங்கினேன். முடிவு அவளுடையதாக இருந்தால்தான் இருபத்தைந்து நிமிடம் தாங்கும். ஒரு நிமிடம் போனது. இரண்டு.

"அவன் வெளியில இருக்கட்டும்" என்றாள். "நான் உள்ள இருக்கேன். அதுவும் ஆமை ஓடு மாதிரிதானே."

பிறகு யாரிடம் கொடுப்பது என்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"அப்பா அறுத்துடுவாரு. அத்தை ஏதாச்சும் ஊட்டி விடுவாங்க. அக்கா ஸ்பிரிட் போடுவாங்க."

மூவரும் தலை குனிந்தோம். மறுப்பதற்கு எங்களில் யாருக்கும் யோக்கியதை இல்லை.

கடைசியாக அவள் பார்வை மேலே, ஆறடி உயரத்துக்குப் போனது. "கையில என்ன இருக்கு?"

கொசு மாமா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பைகளை வெளியே இழுத்துக் காட்டினார். திருப்புளியைக்கூட அத்தையிடம் கொடுத்தார்.

"நீங்க பிடிச்சுக்கோங்க. அந்த ஜன்னல்கிட்ட நிக்கணும். நான் பாக்கணும், அவனும் பாக்கணும். ஊசி போடக் கூடாது."

"போட மாட்டேன்மா" என்றார். அந்தப் பெரிய கைகள் ஆமையை வாங்கிய விதத்தைப் பார்த்தால், பிறந்த குழந்தையை முதல் தடவை வாங்குகிறவர் போல இருந்தது.

உள்ளே அவள் தலைக்கு மேல் ஒரு சாய்வுக் கண்ணாடி. அதில் கட்டுப்பாட்டு அறை ஜன்னல் தெரியும். ஜன்னலில் கொசு மாமா, அவர் மார்போடு மாப்பிள்ளை. நான் அவளுடைய நல்ல காலின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு குழாயின் வாயில் உட்கார்ந்தேன். மெஷின் தொடங்கியது. கொசு மாமாவின் ஸ்டீல் தட்டு நியாயமான சத்தம்தான் போட்டிருக்கிறது என்று தெரிந்தது.

ஐந்து நிமிடம். பத்து. மெஷின் நிற்கும்போதெல்லாம் இருமினாள், தொடங்கியதும் அடங்கினாள். பதினேழாவது நிமிடத்தில், சத்தத்துக்கு நடுவே, என் கைக்குள் கட்டைவிரல் சுருண்டது. வயிறு இழுத்துப் பிடித்தது. இருமல் வாசலுக்கு வந்துவிட்டது. நான் விரலை ஒரு தடவை மெல்ல அழுத்தினேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. இன்னொரு முறை. கண்ணாடியில் அவள் கண்கள் மட்டும் ஜன்னலிலேயே இருந்தன. ஜன்னலில் அந்த மனிதர் இமைகூடக் கொட்டாமல் நின்றிருந்தார்.

மெஷின் நின்றது. கடுகு எட்டுத் தடவை விடாமல் இருமினாள். ஒலிபெருக்கியில் அந்த அம்மாளின் குரல் வந்தது. அதில் இருபது தடவைச் சலிப்பு இல்லை.

"நல்லா பண்றே கண்ணு. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்."

அந்த ஒன்று ஏழு நிமிடம். அசையவில்லை.

வெளியே வந்ததும் முதல் வேலையாகக் கடுகு மாப்பிள்ளையை வாங்கி மேலும் கீழும் பரிசோதித்தாள். குறையொன்றும் இல்லை. அவனைக் கொடுத்த கையில்தான் குறை இருந்தது. கொசு மாமாவின் உள்ளங்கையில் அறுகோணமாக நான்கு சிவப்புத் தடங்கள், நட்டு அழுந்திய அச்சு.

"அவ அசையவே இல்ல" என்றார் என்னிடம், கையை மூடிக்கொண்டு. "எனக்குத்தான் உள்ள எல்லாம் ஆடிப் போச்சு, வல்லுநரே."

எனக்கு ஏதோ பதில் சொல்ல வேண்டும் போல இருந்தது. தோடு அத்தையிடம் இருப்பது ஞாபகம் வந்து, அதைக் கேட்கப் போய்விட்டேன்.

மாலை நான்கு மணிக்கு எலும்பு டாக்டர் விளையாட்டறைக்கே வந்தார். ஸ்டெதஸ்கோப்பை வெளியே மாட்டிவிட்டுக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"படம் கண்ணாடி மாதிரி இருக்கு. சீழ் எலும்புக்குள்ள இறங்கல. மருந்தே போதும், கத்தி வேணாம். இன்னும் மூணு வாரம் டிரிப்ஸ் போகணும், அது பொறுத்துக்கணும்."

அப்பா போனை எடுத்துக்கொண்டு நடைபாதைக்கு ஓடினார், அம்மாவுக்குச் சொல்ல. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி வெகு நேரம் வெளியே எதையோ பார்த்தார். திரும்பியபோது மூக்கு சிவந்திருந்தது.

"மூணு வாரமா? மாப்பிள்ளை விருந்து இன்னும் முடியலைன்னு சொல்லுங்க" என்றார்.

கொசு மாமா அப்போதுதான் வந்து முக்காலியைப் போட்டார். கடுகு அவரையும் மஞ்சள் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உள்ள வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் விதியைப் பார்த்தேன். விதி ஊசியைப் பற்றித்தான் பேசுகிறது, ஆளைப் பற்றி இல்லை. இத்தனை நாள் நாங்கள் இருவரும் அதைச் சரியாகப் படிக்கவில்லை போலிருக்கிறது.

"ஊசித் தட்டு லேப்ல இருக்கு" என்று கைகளை விரித்தார். சிவப்பு அச்சு இன்னும் போகவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஏதோ ஆற்றைத் தாண்டுவது போல ஒரு காலைத் தூக்கி வைத்து உள்ளே வந்தார். வந்தவருக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை.

கடுகுக்குத் தெரிந்திருந்தது. "படுங்க. இப்ப நீங்கதான் மெஷினுக்குள்ள."

ஆறடி மனிதர் அட்டைப்பெட்டிக்குள் ஊர்ந்து நுழைந்தார். முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே கிடந்தது. ஒரு காலுறையின் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. கடுகு மாப்பிள்ளையைப் பெட்டியின் மேல் நிற்க வைத்தாள். நட்டுப் போட்ட கால்கள் ஆடாமல் நின்றன. கரண்டியை எடுத்துக்கொண்டு நேற்றைய ஸ்டீல் தட்டில் ஓங்கி அடிப்பதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, அவர் விரலைப் பிடிச்சுக்கோங்க. பயப்படுவாரு."

என் காது சூடாவது எனக்கே தெரிந்தது. பெட்டிக்கு வெளியே எட்டிப் பார்த்த கட்டைவிரல் காலுறைக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தது.

"பிடிங்க டீச்சர்" என்றார் வாசலில் நின்ற அத்தை. "சம்பளம் வாங்கறீங்கல்ல."